பாதையடியில் இரண்டு நங்கூரங்கள்

“நீங்க ஆளைத் தேடித் தாற ஆக்களா, ஆளுக்கு ஆள் தேடித் தாற ஆக்களா?”

ஸுல்பிகாவிடம் ஒருவர் ஒருமுறை இப்படிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தபால் கந்தோர் வீதியில் ஒரு பார்மசியின் மேல்மாடியில் தொங்கும் பலகையில் ‘ஆள் தேடித் தரப்படும்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. வீட்டை விட்டு ஓடிய மாப்பிள்ளைகளையும் ஒளித்துத் திரியும் பங்காளிகளையும் கண்டுபிடித்துக் கொடுப்பது என்று நினைத்துத்தான் ஸுல்பிகா அதை எழுதுவித்தாள். ஊர் வேறு விதமாக வாசித்தது. படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்க்க ஆள், தகப்பனைத் தூக்கிக் குளிக்க வார்க்க ஆள், மாமியாருக்குத் துணையாக இருக்கக்கூடிய ஆனால் மாமியாரோடு சண்டை பிடிக்காத ஆள் என்று கேட்டு மக்கள் படியேறி வந்தார்கள். ஓடிய மாப்பிள்ளைகளோ பசி வந்ததும் தாங்களாகவே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

பலகையை மாற்றுவோம் என்று லதீசன் பலமுறை சொல்லிப் பார்த்தான். ஸுல்பிகா சம்மதிக்கவில்லை.

“என்னத்துக்கு? ரெண்டும் துப்புத்தான். ஒளிச்ச ஆளைப் பிடிக்கலாம். வயசான ஆளைப் பார்க்க ஒரு நல்ல ஆளைப் பிடிச்சுப் பார், அப்ப விளங்கும்.”

லதீசன் அவளுடைய உதவியாளன். சல்லி என்ற கரையோர ஊரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் தோணியில் கால் வைத்தால் வாந்தி எடுப்பவன். அதனால் ஓட்டோ ஓட்டினான். ஓட்டோவில் இருந்த நேரமெல்லாம் வாயையும் ஓட்டினான்.

அந்தக் கிழமை அவர்கள் கையில் இருந்த வழக்கும் ஆளுக்கு ஆள் தேடும் வகைதான். தனுஷிகா டொரண்டோவிலிருந்து வந்திருந்தாள். சின்ன வயதிலேயே பெரியம்மாவோடு கனடா போனவள். அவளுடைய தகப்பன் குலசிங்கம் துறைமுகத்தில் லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகை ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு உட்துறைமுக வீதியில் தனியாக இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்புக்குச் சத்திரசிகிச்சை செய்து, கட்டிலோடு கிடந்தார். றுஷ்தா என்ற கிண்ணியாப் பெண் அவரை நன்றாகத்தான் பார்த்தாள். பிறகு திடீரென்று நின்றுவிட்டாள். அவளுக்குப் பதிலாக ஸுல்பிகா அனுப்பிய மூன்று பேரையும் குலசிங்கம் துரத்தினார்.

முதலாவதாக வந்த அம்மாவிடம் காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று கேட்டார். அந்த அம்மா மின்விசிறியைக் காட்டினாள். வேலை போயிற்று. இரண்டாவது ஆள் தம்பலகாமத்தைச் சேர்ந்தவள், வயலுக்கு வரும் யானையையே அதட்டி அனுப்பியவள் என்று பெயரெடுத்தவள். மத்தியானத்துக்கு முன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மூன்றாவது இளைஞன் மரியாதையாகத் ‘தாத்தா’ என்று கூப்பிட்டான். குலசிங்கம் துறைமுகத்தில் சிங்கள மாலுமிகளோடு காலம் கழித்தவர். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். “தம்பி, உன்ர அம்மாவை எனக்குத் தெரியாது” என்று சொல்லி அவனையும் அனுப்பிவிட்டார்.

சிரிக்கக்கூடிய கதைதான். ஆனால் தனுஷிகாவின் விடுமுறை முடிந்துவிட்டது. கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். நாலாம் மாடியில் அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர். பார்ப்பதற்கு ஓர் ஆள் கிடைக்காவிட்டால் நாளைக் காலை வான் வந்து, வாழ்நாள் முழுவதும் கடலைப் பார்த்துக் கண்விழித்த மனிதரை அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் விடும்.

அப்படியிருக்க, இன்று காலை ஸுல்பிகாவின் போன் அடித்தது. தான் கடைக்குப் போய் வருவதற்குள் அப்பாவைக் காணவில்லை என்றாள் தனுஷிகா.

“பாத்தீங்களா அக்கா, கடைசியில பலகைக்கு ஏத்த கேஸ் வந்திட்டுது” என்றான் லதீசன், ஓட்டோவைக் கிளப்பியபடி.

உட்துறைமுக வீதி வீட்டு முற்றத்தில், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று நின்று செவ்வரத்தைச் செடியைத் தின்றுகொண்டிருந்தது. அதை விரட்ட அந்த வீட்டில் யாருக்கும் மனம் இல்லை. தனுஷிகா போனைக் கையில் பிடித்தபடி யாரோ கடத்தியிருப்பார்கள் என்று பொலிசுக்குச் சொல்லப் போவதாகச் சொன்னாள். ஸுல்பிகா கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

கட்டில் வெறுமையாக இருந்தது. சக்கரக் கதிரை மூலையில் அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வோக்கரைக் காணவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நடக்க அப்பாவால் ஏலாது, துவாய் காயப்போடத்தான் அது பயன்பட்டது என்று தனுஷிகா விளக்கினாள். பிறஷர் குளிசைகளும் ‘தாம்’ என்ற காய் வெட்டும் ஆட்டத்தை விளையாடும் பலகையும் போயிருந்தன.

“துவாய் காயப்போடுறதுக்கு வோக்கர், பொழுதுபோக்கத் தாம் பலகை. ஆள் சுற்றுலா போயிருக்கு” என்றான் லதீசன்.

ஸுல்பிகா அறையை விட்டு வெளியே வந்தாள். குசினி வழியாகப் பின்பக்கம் போனவள் அங்கே சிரித்தபடி நின்றாள். மாமரத்துக்குக் கீழே கொடியில் கட்டிலில் விரிக்கும் றப்பர் சீற் தொங்கியது. கழுவி, துடைத்து, லேசாகப் பவுடரும் போட்டிருந்தது.

“தனுஷிகா, இதை நீங்க கழுவினீங்களா?”

தான் கழுவவில்லை என்றாள் தனுஷிகா.

“கடத்தினவன் றப்பர் சீற்றைக் கழுவிக் காயப்போட்டுட்டுப் போவானா?”

“நல்ல மனுசன் போல. நம்பர் கிடைச்சா எங்கட வீட்டுக்கும் ஒருக்கா வரச் சொல்லலாம்” என்றான் லதீசன்.

“அதுவும் வெயில்ல போடாம நிழல்ல போட்டிருக்கு. வெயில்ல போட்டா றப்பர் வெடிக்கும். இது ஆளைப் பார்த்துப் பழகின கை.” ஸுல்பிகா சீற்றின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். “றுஷ்தா வந்துட்டுப் போயிருக்கிறாள். உங்கட அப்பா அவளோடதான் இருக்கிறார்.”

தனுஷிகாவின் முகம் சிவந்தது. அந்தப் பெண் ஒரு பொய்க்காரி, அவளிடம் அப்பா இருப்பதென்றால் பொலிசுக்கு இப்போதே போவேன் என்றாள். வேலையை விட்டதற்குச் சொன்ன காரணமே பொய். ‘அப்பாவுக்கு ஏலாது, சுகமில்ல, நான் பார்க்க வேணும்’ என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு விசாரித்தபோது, அவளுடைய தகப்பன் மோசம்போய் எத்தனையோ வருடம் என்று தெரிந்தது. போன் எடுத்து நன்றாக ஏசியதாகவும், செத்த மனிதருக்கு வருத்தம் என்று சொல்ல வெட்கமில்லையா என்று கேட்டதாகவும், அதன் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவே இல்லை என்றும் சொன்னாள்.

ஸுல்பிகா தலையில் கைவைத்துக்கொண்டு குசினிப் படியில் உட்கார்ந்தாள்.

“அவள் என்ன சொல்லுச் சொன்னவள்? வாப்பாவா, அப்பாவா?”

“அப்பா எண்டுதான். ரெண்டும் ஒண்டுதானே.”

“உங்களுக்கு ஒண்டு. எங்கட ஆக்களுக்கு வாப்பாதான் தகப்பன். அப்பா எண்டா வாப்பாட வாப்பா. அந்தப் புள்ள பாட்டனுக்கு ஏலாது எண்டு சொல்லியிருக்கு. நீங்க செத்த மையத்துக்கு வருத்தம் எண்டு விளங்கியிருக்கீங்க.”

தனுஷிகாவின் போன் பிடித்த கை மெல்லக் கீழே இறங்கியது. இவ்வளவு காலமும் றுஷ்தா குலசிங்கத்தைத் தூக்கி இருத்தி, கஞ்சி பருக்கி, முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்தாள். அவளுக்குத் தான் கொடுத்த பிரியாவிடை அந்த ஏச்சு என்பது தனுஷிகாவுக்கு இப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

றுஷ்தாவின் வீடு எங்கே என்று ஸுல்பிகா கேட்டாள். அதுதான் பிரச்சினை என்றாள் தனுஷிகா. ‘பாதையடியில வீடு’ என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். விட்டுப்போன உடுப்புப் பையைக் கொடுத்துவிட ஓர் ஆளை அனுப்பியதாகவும், கிண்ணியாவில் பெரிய ரோட்டோரம் இருந்த ஒவ்வொரு வீடாகக் கேட்டுவிட்டு அவர் வெயிலில் கறுத்துத் திரும்பியதாகவும் சொன்னாள்.

இம்முறை சிரித்தது லதீசன். மூவரும் ஓட்டோவடிக்கு வந்ததும் அவன் முன் இருக்கையைத் தட்டித் துடைத்து, ஏதோ மேடையில் ஏறுவது போல நின்றான்.

“பாதை எண்டா ரோட்டு இல்ல அக்கா. சனத்தையும் வாகனத்தையும் ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போற மிதவை. பாலம் கட்ட முந்திக் கிண்ணியாவுக்கு அதிலதான் போறது. என்னை அதில ஏத்தினா, அக்கரை வரும்வரைக்கும் அம்மாட சீலைக்குள்ளதான் என்ர முகம் இருக்கும். பாதை நிண்ட இடம்தான் பாதையடி. பாதை போயிட்டுது, பேர் போகயில்ல.”

கடலுக்குப் பயந்தவன்தான் இதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததா என்று ஸுல்பிகா கேட்டாள். வாந்தி எடுத்த இடத்தை மனிதன் மறக்கமாட்டான் என்றான் லதீசன்.

சீனன்குடா தாண்டிப் பாலத்துக்கு வந்தபோது காற்று ஓட்டோவுக்குள் புகுந்து மூன்று பேருடைய பேச்சையும் பறித்துக்கொண்டு போனது. தனுஷிகா ஒரு முறைதான் வாய் திறந்தாள். அப்பா அங்கே இருந்தாலும் நாளைக்கு வான் வரத்தான் செய்யும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்.

பாலம் இறங்கிக் கரையோரமாகத் திரும்பியதும், பழைய சீமெந்து இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு தெரிந்தது. முற்றத்தில் பூவரச மரம். அதன் கீழ் இரண்டு சாய்வுக் கதிரைகள். இரண்டு கிழவர்கள். நடுவில் தாம் பலகை. பக்கத்தில் ஒரு வோக்கரில் துவாய் காய்ந்துகொண்டிருந்தது. மதில் ஓரம் நின்ற ஓட்டோவில் முனீப் சாய்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான். லதீசன் நிற்கும் அதே ஓட்டோ ஸ்டாண்டில்தான் முனீப்பும் நிற்பான்.

“நீதான் ஐயாவைக் கொண்டந்தனியா?” என்று லதீசன் கேட்டான்.

ஓம் என்றான் முனீப். ஐயா போன் பண்ணினார், போனான், ஏற்றி வந்தான், அவ்வளவுதான்.

லதீசன் ஸுல்பிகாவைத் திரும்பிப் பார்த்தான். “அக்கா, நாங்க றப்பர் சீற்றைப் பாத்து மூளையைக் கசக்கினதுக்கு, ஸ்டாண்டில ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.”

ஸுல்பிகா கேட்காதது போல நடந்தாள்.

குலசிங்கம் மகளைக் கண்டதும் தலையை ஆட்டினார். ஆனால் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் எதிரே இருப்பவர் காயை மாற்றி வைத்துவிடுவார் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. எதிரே இருந்தவர் அபூதாஹிர், றுஷ்தாவின் அப்பா. அதாவது பாட்டன். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு வந்தவர். குரல் மட்டும் மெலியவில்லை. கேட்காமலே முழுக் கதையையும் அவரே சொன்னார்.

அந்தக் காலத்தில் அபூதாஹிர் பாதையில் வேலை செய்தார். குலசிங்கம் லோஞ்ச் ஓட்டினார். ஒரு நாள் லோஞ்ச் கிளப்பிய அலையில் பாதை ஆடி, ஒரு பெட்டி நிறையத் தயிர்ச் சட்டிகள் கடலுக்குள் போயின. அன்றிலிருந்து ஹோர்ன் அடித்தும் கையை ஆட்டியும் தண்ணீருக்கு மேலாகவே இருவரும் ஏசிக்கொண்டார்கள். கிட்ட நின்று ஒரு நாளும் பேசியதில்லை. றுஷ்தா குலசிங்கத்தைப் பார்க்கப் போனபோதுதான் ஒருவர் இன்னும் உயிரோடு இருப்பது மற்றவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு குலசிங்கத்தின் காலுக்கு எண்ணெய் தடவும்போது இந்தப் பக்கத்து ஏச்சை அங்கேயும், வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்து ஏச்சை இங்கேயும் சேர்ப்பது அவளுக்கு இரண்டாவது உத்தியோகமாகிவிட்டது. கயிறு கட்டி இழுத்தால்தான் போகும் பாதையை ஓட்டினேன் என்று சொல்ல வெட்கமில்லையா என்று குலசிங்கம் கேட்டு அனுப்பினார். அதற்கு அபூதாஹிர் அனுப்பிய பதில் அங்கே போய்ச் சேர்ந்த கையோடு அபூதாஹிருக்கு வருத்தம் வந்தது, றுஷ்தாவும் நின்றுவிட்டாள்.

“நான் என்ன சொல்லி அனுப்பினன் தெரியுமா மகள்?” அபூதாஹிர் தனுஷிகாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “உங்கட ஐயாவுக்கு நங்கூரம் போடத்தான் தெரியும், தூக்கத் தெரியாது, அதுதான் கட்டிலோட கிடக்கிறார் எண்டு சொன்னன்.”

“அதுக்குத்தான் மறுமொழி சொல்ல வந்தனான்” என்றார் குலசிங்கம். “கொண்டுபோக ஆளில்ல. வந்த மூண்டும் ஒரு ஏச்சைக் கூட ஒழுங்காக் கொண்டுபோகாதுகள்.”

லதீசன் வாயைப் பொத்திக்கொண்டு பூவரச மரத்தைப் பார்த்தான். தனுஷிகாவுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததை உடனே அழுகை இடித்துத் தள்ளியது. அந்த நேரம் குசினியிலிருந்து கஞ்சிக் கோப்பையோடு றுஷ்தா வெளியே வந்தாள். தனுஷிகாவைக் கண்டு வாசலிலேயே நின்றாள்.

தனுஷிகா நேரே அவளிடம் போனாள். தான் ஏசியது தவறு என்றும், சொல் விளங்காமல் பேசிவிட்டதாகவும் சொன்னாள். றுஷ்தா கஞ்சியை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஏசினது பரவாயில்ல அக்கா. எங்கட வாப்பாவை இழுத்ததுதான் நெஞ்சில நிண்டுது” என்றாள். பிறகு கோப்பையை அபூதாஹிரின் கையில் கொடுத்துவிட்டு, தனுஷிகாவுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

ஸுல்பிகாவுக்கு ஒரு விடயம் மட்டும் பொருந்தவில்லை. காலையில் உட்துறைமுக வீதிக்கு எத்தனை மணிக்கு வந்தாய் என்று றுஷ்தாவிடம் கேட்டாள். அப்பா ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து தான் இந்தக் கரையை விட்டு அசையவில்லை என்றாள் றுஷ்தா. ஐயா வந்து இறங்கியபோது தனக்கே கை கால் ஓடவில்லையாம். ஸுல்பிகா முனீப்பைப் பார்த்தாள். தான் போகும்போது ஐயா கேற்றடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார் என்றான் முனீப். யாரோ கொண்டுவந்து இருத்திவிட்டுப் போனதாக நினைத்தானாம்.

“அப்ப றப்பர் சீற்றைக் கழுவினது ஆர்?”

யாருக்கும் தெரியவில்லை. குலசிங்கம் ஒரு காயைக் குறுக்கே தள்ளி இரண்டு காய்களை வெட்டினார்.

கேள்வி அப்படியே நின்றது. ஏனென்றால் தனுஷிகா நாளைய வானைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். ஸுல்பிகா விடவில்லை. பிரதேச செயலகத்தில் முதியோருக்கென்றே ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார், அவரிடம் பதிந்தால் வீடு தேடி வந்து பார்ப்பார்கள் என்றாள். காலுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரி மிஸ்ஸிடம் தானே கதைப்பதாகவும் சொன்னாள். பகலில் குலசிங்கம் இங்கேயே இருக்கலாம். ஒரு கஞ்சிப் பானை, இரண்டு கோப்பை. றுஷ்தா தன் அப்பாவை விட்டு வரவும் தேவையில்லை, வேலையை விடவும் தேவையில்லை. ஐயாவின் அறையாக முன் விறாந்தையை அடைத்துக் கொடுக்கலாம் என்று றுஷ்தாவும் சேர்ந்துகொண்டாள். விறாந்தையிலிருந்து கடல் தெரியும்.

தனுஷிகா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் இளகி வந்தது. பிறகு ஒரே இடத்தில் முட்டி நின்றது.

“பகல் சரி. இரவில அப்பா ஒண்டுக்குப் போகவேணும் எண்டா ஆர் தூக்கிறது? ரெண்டு பேரையும் ஒரு ஆள் என்னெண்டு தூக்கிறது?”

தான் வந்து படுக்கிறேன் என்றான் லதீசன். அலைச் சத்தத்துக்கே வாந்தி எடுப்பவனைப் பார்க்க இன்னொரு ஆள் தேட வேண்டிவரும் என்றாள் ஸுல்பிகா. யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. எல்லாரும் றுஷ்தாவைப் பார்த்தார்கள்.

“ரெண்டு பேரைத் தூக்க எனக்கு ஏலாது அக்கா” என்றாள் றுஷ்தா. “ஏலும் எண்டு பொய் சொல்லி, ஒரு நாள் கைதவறி ஐயா விழுந்தா நான் என்ன செய்வன்.”

இவ்வளவு கதையும் குலசிங்கத்தின் தலைக்கு மேலால் போய் வந்தது. தூக்குவது, இருத்துவது, கிடத்துவது என்று நாலு பேரும் ஓர் அலுமாரியை எங்கே வைப்பதென்று பேசுவது போலப் பேசினார்கள். அவர் ஒருமுறை வாய் திறக்கப் பார்த்தார். “கொஞ்சம் இருங்கோ அப்பா” என்றாள் தனுஷிகா. அவர் வாயை மூடினார்.

தனுஷிகா போனை எடுத்தாள். வேறு வழியில்லை, வானை வரச் சொல்கிறேன் என்று ஸுல்பிகாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு முதியோர் இல்லத்து நம்பரை அழுத்தினாள். போனுக்குள் மணி அடிப்பது எல்லாருக்கும் கேட்டது.

குலசிங்கம் கையிலிருந்த காயைப் பலகையில் வைத்தார். வோக்கரில் கிடந்த துவாயை எடுத்துத் தோளில் போட்டார். வோக்கரை இழுத்து முன்னால் நிறுத்தி, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து, ஒரு மூச்சை உள்ளே வைத்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது.

தனுஷிகா பதறி முன்னால் பாய்ந்தாள். றப்பர் சீற்றைக் கழுவிய கை எதுவென்று இப்போது விளங்கிய ஸுல்பிகா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வோக்கர் முன்னால் போனது. ஒரு கால் போனது. மற்றக் கால் அதை வந்து சேர்ந்தது. முற்றத்துக் குருமணலில் வோக்கரின் கால்கள் புதைந்தபோது அவர் அவசரப்படாமல் அதைத் தூக்கி எடுத்து, தட்டி, அடுத்த இடத்தில் வைத்தார். றுஷ்தா நெஞ்சில் கைவைத்தபடி நின்றாள். லதீசனுக்கு ஒரு பகிடியும் வரவில்லை. எல்லாரும் அங்கே பார்த்திருந்த நேரம் பார்த்து, அபூதாஹிர் சத்தமில்லாமல் ஒரு காயை இரண்டு கட்டம் நகர்த்தி வைத்தார்.

போனுக்குள் ஒரு பெண் குரல் ஹலோ என்றது. திரும்பவும் ஹலோ என்றது. தனுஷிகா போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

குலசிங்கம் மகளைக் கடந்தார், துப்பறியும் நிபுணரைக் கடந்தார், தண்ணீர்த் தொட்டியைக் கடந்தார். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. முற்றத்து மூலையில் இருந்த கக்கூஸ் கதவைத் தானே திறந்து, வோக்கரை முதலில் உள்ளே விட்டு, பின்னால் தானும் போனார். உள்ளே கொளுக்கி விழும் சத்தம் கேட்டது.